ஃபியூஸ் பெட்டியில் எறும்பு

வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்தில் கப்பல். அதை விட்டால் எனக்குப் பினாங்கு இல்லை. திரும்பிப் பினாங்குக்குள் நுழைவதற்கு அங்கே கொடுத்திருந்த அனுமதிச் சீட்டு அந்த மாதக் கடைசியோடு செத்துவிடும். அடுத்த கப்பல் அதற்குப் பிறகுதான். பெண்டாட்டி பிள்ளைகள் அந்தக் கரையில், நான் இந்தக் கரையில் என்று ஆகிவிட்டால் யாரிடம் போய் அழுவது? ஊரில் இறங்கிய நாள் முதல் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. சாப்பிடும்போதும் கப்பல், குளிக்கும்போதும் கப்பல். பழனி மலைமேல் முருகனுக்கு எதிரே நின்று கண்ணை மூடினால் அங்கேயும் கப்பல்தான் தெரிந்தது. அவன் மன்னித்திருப்பான் என்று நினைக்கிறேன்.

பினாங்கில் ஒரு லாரிக் கம்பெனியில் நான் கிராணி, அதாவது குமாஸ்தா. பிறந்தது பழனிப் பக்கம். மீசை முளைக்கும் முன்னே சித்தப்பாவோடு கப்பல் ஏறியவன். கூடப் பிறந்தது ஒரே அக்கா. அவளைக் கோடைக்கானலில் கட்டிக்கொடுத்தார்கள். மச்சானுக்கு அங்கே வாடகைக் கார் ஓட்டும் தொழில். அவள் கல்யாணத்துக்குக்கூட எனக்கு லீவு கிடைக்கவில்லை. பழனியில் மொட்டை போட்டு வேண்டுதலை முடிப்பது, அக்காவைப் பார்ப்பது, கப்பல் ஏறுவது. இவ்வளவுதான் என் திட்டம்.

மச்சான் காரோடு பழனிக்கே வந்துவிட்டார். ஜெர்மன்காரன் செய்த டீசல் கார் அது. காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனதாம். எஞ்சினைப் போட்டால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். "சத்தம் கெடக்கட்டும் மாப்ளே, எண்ணெய்ச் செலவு பாதிதான்" என்று மச்சான் அதன் மட்கார்டைத் தட்டிக்கொடுத்தார். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு நான் முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

வத்தலக்குண்டில் பசியாறினோம். தோசை நன்றாகவே இருந்தது. காப்பியைத்தான் ஆற்றுகிறேன் என்று கடைக்காரர் ஒரு முழ உயரத்துக்குத் தூக்கித் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். பினாங்கில் சீனன் கடையில் உட்காருவதற்குள் கோப்பி மேஜைக்கு வந்துவிடும். கொஞ்சம் வெரசாக் கொடுங்க என்று கேட்டதற்கு, அப்படி என்ன சோலி என்று என்னையே திருப்பிக் கேட்டார். கப்பலைப் பற்றிச் சொன்னேன். கப்பல் வெள்ளிக்கிழமைதானே, இன்னைக்கு ஞாயிறு என்று சொல்லி, இன்னொரு தடவை தூக்கி ஊற்றினார்.

மலை ஏறும் இடத்தில் சாலையோரமாக ஒரு கருப்பசாமி இருக்கிறார். கூரை கிடையாது, ஒரு புளியமரம்தான். மேலே போகிற வண்டி எல்லாம் அங்கே நின்றாக வேண்டும், இறங்கி வருகிற வண்டியும் நிற்கவேண்டும். மச்சான் எஞ்சினை அணைத்தார். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி, தேங்காய்த் தண்ணீரைக் கார் மூக்கிலிருந்து கண்ணாடி வரை பக்தியோடு ஊற்றினார். பினாங்கில் எங்கள் லாரிகளுக்கும் பூஜை உண்டு. ஆயுத பூஜையன்று ஒரு நாள். இங்கே ஏறினால் ஒரு தேங்காய், இறங்கினால் ஒரு தேங்காய். இந்த மலையில் மனிதர் குடிக்கத் தேங்காய்த் தண்ணீர் மிஞ்சுமா என்று கேட்டேன். மச்சான் சிரிக்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்த பிறகு நானும் சிரிப்பை நிறுத்திக்கொண்டேன்.

பெருமாள்மலைக்கு மேலே குளிர் தொடங்கியது. முடி இருந்தவரைக்கும் அதன் அருமை தெரியவில்லை. துண்டை முண்டாசாகக் கட்டியும் குளிர் நேரே மண்டைக்குள் இறங்கியது.

அக்கா வாசலிலேயே ஆரத்தித் தட்டோடு நின்றாள். என்னைப் பார்த்ததும் தட்டு ஆடியது. "ஏலே தம்பி, இப்படி இளைச்சுக் கெடக்கியே" என்றாள். நான் கிளம்பும்போது இருந்ததற்கு இப்போது ஒன்றரை மடங்கு. ஆனாலும் ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தேன். எனக்குச் சுற்றி முடித்தவள் அப்படியே திரும்பிக் காருக்கும் சுற்றினாள். பிறகு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீரை எடுத்து, பானெட்டின் மேல் ஒரு சொட்டு விடாமல் ஊற்றினாள். அதைத் துடைக்கலாமா என்று நான் கேட்டதற்கு, சாமித் தண்ணி தானாக் காயணும் என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு அந்தக் கார் இன்னொரு பிள்ளை மாதிரி. மச்சான் மலை இறங்கிய நாளெல்லாம் அது திரும்பி வருகிற சத்தம் கேட்கும்வரை அவள் சாப்பிட உட்கார மாட்டாள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

மறுநாள் ஏரியைச் சுற்றி வந்தோம். அழகுதான். அழகை உட்கார்ந்து பார்க்க எனக்கு ஓய்வு இல்லை. படகுக்காரர் "ஒரு ரவுண்டு போட்டிங் போலாம் சார், வெதர் ஃபஸ்ட் கிளாஸ்" என்று கூப்பிட்டார். தண்ணீரைக் கண்டாலே எனக்கு நாகப்பட்டினம் ஞாபகம் வந்தது. மத்தியானம் அக்கா பூண்டுக் குழம்பும் முட்டைக்கோஸ் பொரியலும் வைத்திருந்தாள். பேரிக்காயை வெட்டி உப்பு மிளகாய்த்தூள் தூவிக் கொடுத்தாள். இலையை எடுக்கும் முன்பே கொடைரோட்டில் திருச்சி ரயில் எத்தனை மணிக்கு என்று நான் மச்சானைக் கேட்டேன். அன்றைக்கு அதை மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன் போலிருக்கிறது. அக்கா மோரை எடுத்துவர உள்ளே போனவள் கொஞ்ச நேரம் வரவில்லை.

அன்று சாயங்காலமே காரின் ஹாரன் ஒழுங்காக அடிக்கவில்லை. அமுக்கினால் ஒரு முனகல்தான் வந்தது.

அடுத்த நாள் காலை, பினாங்குக்குக் கொண்டுபோக மலைப்பூண்டு வாங்கலாம் என்று பூம்பாறைக்குக் கிளம்பினோம். அக்கா வழக்கம்போல் ஒரு சொம்பு ஊற்றி அனுப்பினாள். பூம்பாறையில் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகப் பூண்டு வயல். வாங்கிப் போட்ட ஒரு மூட்டைப் பூண்டு காருக்குள் கிளப்பிய வாடையில் எனக்கு மண்டை இடித்தது. திரும்பும்போது மஞ்சு என்கிற மூடுபனி இறங்கிவிட்டது. மச்சான் விளக்கைப் போட்டார். ஒரு நிமிஷம் எரிந்தது. பிறகு இரண்டும் சேர்ந்து அணைந்தன. கண்ணாடி துடைக்கும் கையும் பாதி வழியில் நின்றது. எஞ்சின் மட்டும் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அதுதான் டீசலின் சௌகரியம். எங்கள் லாரிக் கொட்டகையில் தினமும் பார்த்திருக்கிறேன். கிளம்புவதற்குத்தான் அதற்குக் கரண்ட் வேண்டும்; கிளம்பிவிட்டால் பாட்டரியையே கழற்றி வைத்தாலும் ஓடும். ஆனால் கண் தெரியாமல் ஓடி என்ன பிரயோசனம்? கடைசியில், எங்களோடு கோடைக்கானலுக்கு வருவதற்காக ஏறியிருந்த பூம்பாறை விவசாயி ஒருவர் இறங்கி, வேட்டியை அவிழ்த்துப் பின்பக்கம் விரித்துப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார். உள்ளே போட்டிருந்த காக்கி டிராயர் அவர் மானத்தைக் காத்தது. வெள்ளை வேட்டியைப் பார்த்து மச்சான் ஓட்டினார். அவருக்கு நான் நன்றி சொன்னபோது, இது என்னங்க பெரிய வேலை, எப்படியும் நடக்கப்போற தூரம்தான் என்றார்.

பஜாரில் பட்டறைக்காரர் பானெட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்து, ஃபியூஸ் பெட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று சொன்னார். மழைக்காலம், அப்படித்தான் இருக்கும் என்பது அவர் தீர்ப்பு. ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு ஃபியூஸை மாற்றினார். விளக்கு எரிந்தது. ஹாரன் நன்றாகவே கத்தியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் வீட்டுக்குள் நுழையும்போது இன்னொரு செய்தி காத்திருந்தது. பெருமாள்மலைக்குக் கீழே மண் சரிந்துவிட்டது, பஸ் போகாது. சின்ன வண்டிகளை மட்டும் ஒவ்வொன்றாக விடுகிறார்கள். இனி எனக்கும் கப்பலுக்கும் நடுவே இருப்பது இந்தக் கிழட்டுக் கார் ஒன்றுதான். சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த மச்சான், யார் கண் பட்டதோ, ஒரு மாதமாகவே வண்டி இப்படித்தான் படுத்துகிறது என்று அலுத்துக்கொண்டார். ரசம் ஊற்றிக்கொண்டே அக்கா வாசலில் நின்ற காரைப் பார்த்தாள்.

புதன்கிழமை. வெள்ளனே கிளம்ப வேண்டும் என்று இருட்டோடு எழுந்து, பெட்டியைக் கட்டி, பூண்டு மூட்டையைப் பின்னால் போட்டாகிவிட்டது. மச்சான் சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினார். முதல் நாள் சாயங்காலம் கத்திய ஹாரன் செத்துக் கிடந்தது. விளக்கும் இல்லை. மச்சான் பட்டறைக்காரரின் வம்சத்தையே திட்டிக்கொண்டு அவரைத் தேடி ஓடினார். கடைசி ரயிலைப் பிடித்தால்கூடப் போதும். ஆனால் மலையை விட்டு இறங்கினால்தானே ரயில்?

சும்மா நிற்க முடியாமல் நானே பானெட்டைத் தூக்கினேன். கண்ணாடிக்கு முன்னால் காற்றுப் போவதற்கு ஒரு சல்லடை. அதற்கு நேர் கீழே ஃபியூஸ் பெட்டி. அதன் மூடி எந்தக் காலத்திலோ தொலைந்து, மச்சான் அதன்மேல் ஒரு ரப்பர் துண்டைப் போட்டு வைத்திருந்தார். அதை எடுத்தேன். உள்ளே எறும்பு. சாரி சாரியாகச் சிவப்பு எறும்பு. பீங்கான் ஃபியூஸ்கள் எல்லாம் மஞ்சளாக இருந்தன. தொட்டால் பிசுபிசுப்பு. அடியில் தண்ணீர் தேங்கி, பின்னால் வரும் ஒயர்கள் பச்சை பூத்து, இரண்டு என் கையோடு ஒடிந்து வந்தன. மழைத் தண்ணீர் மஞ்சளாக இருக்காது. மழைத் தண்ணீருக்கு எறும்பும் வராது. ராத்திரி முழுக்க அந்த ஈரத்தின் வழியாகவே பாட்டரியும் கசிந்து காலியாகியிருந்தது.

நிமிர்ந்தால் அக்கா நிற்கிறாள். கையில் சொம்பு. வழியனுப்பும் சொம்பு.

எனக்கு வந்த கோபத்துக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன். "நேத்து ராத்திரியும் ஊத்துனியா அக்கா?" என்றுதான் வாயில் வந்தது.

"ஒரு குடம் ஊத்துனேன்" என்றாள். "கண்ணு பட்டுருச்சுன்னு உங்க மச்சான் சொன்னாரே. நீ கொண்டாந்த பழனித் தீர்த்தத்தையும் அதுல கலந்து, தேங்காத் தண்ணியும் விட்டேன். தம்பி பத்திரமா இறங்கணும்னு."

நான் ரப்பர் துண்டைக் கையில் பிடித்தபடி பெட்டியைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். மஞ்சளைப் பார்த்தாள், எறும்பைப் பார்த்தாள். வண்டி கெடக்கெட அவள் கூடக்கூட ஊற்றியிருக்கிறாள். ஊற்ற ஊற்ற வண்டி கெட்டிருக்கிறது. அது அவளுக்குப் புரிந்தது என்பது முகத்தில் தெரிந்தது. சொம்பை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"உன்னைப் போகவிடாம ஆக்கிட்டேனே" என்றாள்.

அப்போதுதான் என் கோபம் போனது. அழுகை வருவதற்குள் வேறு வேலை பார்த்தேன். எறும்பை ஊதித் தள்ளி, பெட்டியைத் துணியால் துடைத்து, ரப்பரைப் போட்டு மூடினேன். துடைத்தும் பிரயோசனமில்லை, ஒடிந்த ஒயர் ஒடிந்ததுதான். மச்சான் பட்டறைக்காரர் இல்லாமலே திரும்பி வந்தார். மழைத் தண்ணி திரும்ப இறங்கியிருக்கு, ஒயர் செத்துப்போச்சு, தள்ளித்தான் எடுக்கணும் மச்சான் என்றேன். அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

பினாங்குச் சூட்டில் டீசல் வண்டியைத் தள்ளி எடுப்பது சுலபம். கோடைக்கானல் குளிரில் எஞ்சின் பனிக்கட்டியாக இருந்தது. அக்கா அடுப்பிலிருந்த குளிக்கிற வெந்நீரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ரேடியேட்டரில் ஊற்றுவதற்கு முன், இதில் ஊற்றலாமா என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள். தெருவில் கேரட் மூட்டையோடு போன நாலு பேர் மூட்டையை இறக்கிவிட்டுத் தள்ள வந்தார்கள். இறக்கத்தில் கார் உருண்டது. ஒரு தடவை குலுங்கிச் செத்தது. இன்னொரு தடவை குலுங்கி, கரும்புகையைக் கக்கி, ஓடத் தொடங்கியது. இனி எஞ்சினை அணைக்கவே கூடாது என்று நான் மச்சானிடம் கத்தினேன். அக்கா வீட்டுக்குள் ஓடி ஒரு பையை எடுத்துக்கொண்டு, ஓடுகிற காரிலேயே பின்னால் ஏறிவிட்டாள்.

கீழே இறங்கியதை இப்போது நினைத்தாலும் கை வியர்க்கிறது. தூறல். கண்ணாடி துடைக்கும் கை இல்லை; உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டிக் கண்ணாடியில் தேய்த்துவிட்டோம், தண்ணீர் ஒட்டாமல் வழியும் என்று. ஹாரனும் இல்லை. முதல் வளைவில் நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி "வண்டி வருது" என்று கூவினேன். மூன்றாவது வளைவில் தொண்டை கட்டிவிட்டது. பின்னாலிருந்து கணகணவென்று மணி. திரும்பினேன். அக்கா பையிலிருந்து பூஜை மணியை எடுத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஆட்டிக்கொண்டிருந்தாள். மஞ்சுக்குள் அந்தச் சத்தம் நன்றாகப் போயிற்று. வளைவுக்கு வளைவு மணி. அவள் கை ஓயவில்லை.

மண் சரிந்த இடத்தில் ஒரு கார் போகத்தான் வழி. எதிரே வெள்ளைக்காரத் தம்பதி வந்த கார் பாதி நுழைந்துவிட்டது. எங்களால் நிறுத்திப் பேச முடியாது. நின்றால் எஞ்சின் செத்துப்போகுமோ என்று பயம். மணிச் சத்தம் கேட்டு அந்த அம்மாள் தன் புருஷனிடம் இங்கிலீஷில் சொன்னது எனக்குக் கேட்டது: "ஏதோ சாமி ஊர்வலம் வருகிறது, பின்னால் எடுங்கள்." அவர் மரியாதையாகப் பின்னால் எடுத்தார். நாங்கள் கடந்து போகும்போது தொப்பியையும் கழற்றினார். முண்டாசு காற்றில் நழுவியிருந்த என் மொட்டைத் தலையைப் பார்த்து என்னைப் பூசாரி என்றே நினைத்திருப்பார்.

அடிவாரத்தில் கருப்பசாமி. எஞ்சின் ஓடியபடியே நிறுத்துவதா என்று மச்சான் தயங்கினார். அணைத்தால்தான் மரியாதை, அணைத்தால் கப்பல் போச்சு. சாமியிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று அக்கா இறங்கினாள். பையிலிருந்த தேங்காயை உடைத்து, கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, தேங்காய்த் தண்ணீர் நிறைந்த மூடியை ஏந்தியபடி காருக்கு முன்னால் வந்தாள். வழக்கம்போல் கை பானெட்டுக்கு மேலே உயர்ந்தது. அங்கேயே நின்றுவிட்டது. எங்கே ஊற்றுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊற்றாமல் என்னை அனுப்பவும் அவளால் முடியவில்லை. தண்ணீர் மூடியின் விளிம்பில் தளும்பியது.

"ஏ, ஊத்தேன், நேரமாகுதுல்ல" என்றார் ஒன்றும் தெரியாத மச்சான்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். முண்டாசை அவிழ்த்துவிட்டு அவளுக்கு முன்னால் குனிந்தேன்.

"என் தலையில ஊத்துக்கா."

மண்டையில் சில்லென்று விழுந்து, காதோரம் வழிந்து, சட்டைக் காலருக்குள் இறங்கியது. கடைசிச் சொட்டு வரை ஊற்றினாள். பிறகு வெறுங்கையை என் மொட்டைத் தலையில் வைத்தாள். எடுக்கவே இல்லை. ரயிலை நினைத்து என் கால் பரபரத்தது. ஆனாலும் அவளாக எடுக்கட்டும் என்று குனிந்தே நின்றேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

திருச்சி ரயில் கிடைத்தது. வெள்ளிக்கிழமை கப்பலும் கிடைத்தது. கொடைரோட்டில் ரயில் நகரும்போது, பினாங்கு போய்ச் சேர்ந்ததும் தந்தி அடி என்று மட்டும் அக்கா சொன்னாள். பூண்டு மூட்டையைச் சுங்கத்தில் முகர்ந்து பார்த்துவிட்டுச் சீக்கிரம் போ என்று விரட்டினார்கள்.

கப்பலில் இரண்டாம் நாள் சட்டை மாற்றலாம் என்று பெட்டியைத் திறந்தேன். மலையிறங்கிய அன்று கழற்றிச் சுருட்டி வைத்திருந்த சட்டையின் காலர் விறைத்துக் கிடந்தது. அதைச் சுற்றிச் சிவப்பு எறும்பு. கோடைக்கானலிலிருந்து வந்ததோ, நாகப்பட்டினத்தில் ஏறியதோ, தெரியாது. பக்கத்தில் படுத்திருந்தவர் உதறிக் கடலில் போடுங்க என்றார். நான் சட்டையை அப்படியே மடித்து உள்ளே வைத்து மூடினேன்.